பள்ளியை விட்டு ஹைஃபாவுக்கு: பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு சென்டர்

எதைப் பற்றியது

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரைச் சேர்ந்த 17 வயதுக் கூடைப்பந்து சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) ஒருவர், பதினோராம் வகுப்போடு பள்ளியை விடப்போவதாக அறிவித்தார். கல்லூரிக்கும் போகப்போவதில்லை. வெளிநாட்டுக் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, வருவது என்பது திட்டம். பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளிநாட்டில் தொழில்முறை வீரரான முதல் அமெரிக்கர் என்று அப்போது செய்திகள் எழுதின.

அவர், அவருடைய குடும்பம், ஆலோசகர், பயிற்சியாளர்கள் ஆகியோரின் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். முடிவெடுத்தபோது அவர் பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையன். அந்த முடிவைச் சுற்றி நின்ற பெரியவர்கள் என்ன கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். அதற்குப் பெயர்கள் தேவையில்லை.

பின்னணி: 2005இல் வந்த விதி

பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்குப் போகும் வழி ஒரு காலத்தில் திறந்திருந்தது. 1995இல் கெவின் கார்னெட்டை மினசோட்டா அணி ஐந்தாவது ஆளாக எடுத்தது. அடுத்த ஆண்டு கோபி பிரையன்ட் 13ஆவதாகப் போனார். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் முதல் தேர்வு. இந்த மூன்று பெயர்களையும் எல்லோருக்கும் தெரியும். 1998இல் பள்ளியிலிருந்து வந்து இரண்டாம் சுற்றில் தேர்வாகி, மொத்தமே மூன்று என்பிஏ ஆட்டங்களோடு நின்றுபோன கோர்லியோன் யங்கைப் பலருக்குத் தெரியாது. டிராஃப்டில் பெயர் கொடுத்து, யாரும் எடுக்காமல், கல்லூரி வாய்ப்பும் போனவர்கள் இன்னும் கீழே இருக்கிறார்கள்.

2005இல் லீகும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் அந்த வழியை அடைத்தது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டில் வீரருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்க வீரர் என்றால், அவருடைய வகுப்புத் தோழர்கள் பள்ளி முடித்து ஒரு என்பிஏ சீசனாவது கடந்திருக்க வேண்டும். 2006 டிராஃப்ட் முதல் இது நடைமுறைக்கு வந்தது. இதன் பிறகு பெரும்பாலான இளம் வீரர்கள் ஒரே ஓர் ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு டிராஃப்டுக்குப் போனார்கள். கல்லூரி அந்த ஆண்டுக்கு ஸ்காலர்ஷிப் தரும். சம்பளமோ விளம்பர வருமானமோ கூடாது என்பது கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் அன்றைய சட்டம். கல்லூரிக்கும் தொலைக்காட்சிக்கும் கோடிகள் போக, ஆடுகிறவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்ற கோபம் பல குடும்பங்களில் இருந்தது. நியாயமான கோபம்தான்.

2008இல் பிராண்டன் ஜென்னிங்ஸ் மாற்றுவழி ஒன்றைக் காட்டினார். கல்லூரிக்குப் பதில் இத்தாலியில் லோட்டோமாட்டிகா ரோமா கிளப்பில் சேர்ந்தார். சராசரி ஆறு புள்ளிகளுக்கும் குறைவுதான். ஆனாலும் 2009 டிராஃப்டில் பத்தாவது ஆளாகத் தேர்வானார். அவரை ரோமுக்கு அனுப்பிவைத்த ஆலோசகர், ஷூ நிறுவனங்களோடும் பள்ளிக் கூடைப்பந்தோடும் பல பத்தாண்டு பழக்கமுள்ளவர். சான் டியாகோ குடும்பம் கலந்து பேசியதும் அவரிடம்தான்.

அப்போது கண்ணில் பட்டது

பையனின் உயரம் ஆறடி பதினொன்று. ஆளுக்கேற்ற உடல், நீண்ட கைகள், அந்த உயரத்துக்கு அபூர்வமான வேகம். பதினோராம் வகுப்பில் ஓர் ஆட்டத்துக்கு 28 புள்ளிகளுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். 2011 டிராஃப்டில் முதல் தேர்வாகக்கூட வரலாம் என்று பேசப்பட்டது. லூயிவில் பல்கலைக்கழகம் அவருக்கு இடம் தந்து, அவரும் சம்மதம் சொல்லியிருந்தார்.

குடும்பத்தின் குறை என்னவென்றால், பள்ளி ஆட்டத்தில் அவருக்குப் போட்டியே இல்லை. எதிரணியில் ஆறடி இரண்டு அங்குலப் பையன்கள் மூன்று பேர் அவரைச் சூழ்ந்து, கையைப் பிடித்து இழுத்துத் தடுப்பார்கள். இப்படி இன்னோர் ஆண்டு ஆடி எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டார்கள். பள்ளி ஆட்டம் சலித்துவிட்டது என்று பையனே வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே காட்சியில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தன்னைவிட ஒன்பது அங்குலம் குள்ளமானவர்களுக்கு மேலே கையை நீட்டிப் பந்தை எடுத்துக் கூடையில் போட்டே வளர்ந்த சென்டருக்கு, கால் வைக்கும் முறை, இடம் பிடிக்கும் முறை, தடுப்பாட்டத்தில் சக வீரருக்குக் கைகொடுக்க எப்போது நகர வேண்டும் என்பதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. தேவைப்படாததை யாரும் கற்பதில்லை. 28 புள்ளிகள் அவருடைய உயரத்தைச் சொன்ன அளவுக்கு ஆட்ட அறிவைச் சொல்லவில்லை.

முடிவும் அதன் காரணங்களும்

தந்தையும் உறவினர்களும் ஆலோசகரும் சேர்ந்து எடுத்த முடிவில் மூன்று காரணங்கள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன. வளர்ந்த ஆண்களோடு மோதினால் சீக்கிரம் முன்னேறலாம். கல்லூரியில் கிடைக்காத பணம் கிடைக்கும். ஜென்னிங்ஸுக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும்.

மூன்றாவது காரணம்தான் ஓட்டை. ஜென்னிங்ஸ் பள்ளியை முடித்தவர். டிராஃப்டுக்கு அவருக்கு ஒரே ஆண்டுதான் பாக்கி. தாயும் சகோதரனும் ரோமில் கூடவே இருந்தார்கள். பந்தைக் கையில் வைத்துத் தானே ஆட்டத்தை உருவாக்கும் கார்டு அவர். சான் டியாகோ பையன் சென்டர். யாராவது சரியான நேரத்தில் பந்து கொடுத்தால்தான் சென்டருக்கு வேலை. அணியில் நம்பிக்கை பெறாத சென்டருக்குப் பந்தே வராது.

நாள்கணக்கையும் பார்க்க வேண்டும். அவருடைய வகுப்பு பள்ளியை முடிப்பது 2010இல். விதிப்படி 2011 டிராஃப்டுக்கு முன்னால் அவர் வரவே முடியாது. ஆக, பன்னிரண்டாம் வகுப்பை விட்டதால் என்பிஏ ஒரு நாள்கூட முன்கூட்டி வரவில்லை. பள்ளியில் ஓர் ஆண்டு, லூயிவிலில் ஓர் ஆண்டு என்றிருந்த இரண்டு ஆண்டுகள், வெளிநாட்டில் இரண்டு ஆண்டுகளாக மாறின, அவ்வளவுதான். இதை அந்தக் குடும்பம் அறியாமல் இல்லை. ஆனால் அன்றைய விவாதம் முழுக்கக் கல்லூரியா பணமா என்றே ஓடியது. இந்த இரண்டு ஆண்டும் தினமும் காலையில் இவனுக்கு யார், எதைச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பது பேச்சின் நடுவுக்கு வரவில்லை.

இஸ்ரேலின் மக்காபி ஹைஃபா கிளப் 2009 ஆகஸ்டில் அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தது. சம்பளம் 1,40,000 டாலர். கிளப்பின் உரிமையாளர் ஃபுளோரிடாவில் தொழில் செய்யும் அமெரிக்கர். அமெரிக்காவில் கிளப்பின் பெயர் தெரிய வேண்டும் என்று விரும்பியவர். பையன் வந்தது அந்த விருப்பத்துக்கு உதவியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் யாரை இறக்குவது என்று தீர்மானிப்பவர் பயிற்சியாளர். அவருக்கு வேண்டியது அன்றைய வெற்றி. ஒரே பையனிடம் உரிமையாளர் ஒன்றையும் பயிற்சியாளர் வேறொன்றையும் எதிர்பார்த்தார்கள். இந்த இடைவெளியில்தான் அவர் விழுந்தார் என்று நினைக்கிறேன்.

ஹைஃபா: 2009 ஆகஸ்ட் முதல் 2010 மார்ச் வரை

ஐரோப்பிய, இஸ்ரேலிய லீகுகளில் வெளிநாட்டு வீரர் என்பவர் வந்த நாளிலிருந்து பலன் தர வேண்டியவர். 25, 30 வயதில் குடும்பத்தைக் காப்பாற்ற வந்து ஆடும் அமெரிக்கர்கள் நிறையப் பேர். இரண்டு ஆட்டம் சொதப்பினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தோடு ஆடுகிறவர்கள். அவர்களோடு ஒரே உடைமாற்றும் அறையில், அவர்களில் சிலருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆடத் தெரியாத பதினெட்டு வயதுப் பையன் உட்கார்ந்திருந்தால் அங்கே பாசம் பொங்காது.

நவம்பரில் ஓர் அமெரிக்க நாளிதழின் செய்தியாளர் ஹைஃபாவுக்குப் போய் எழுதியது பரவலாக வாசிக்கப்பட்டது. பயிற்சியாளர் அவரைச் சோம்பேறி, உடல் தகுதியில்லாதவர் என்றார். அணித்தலைவர் மென்மையானவர் என்றார். நேரத்துக்கு வரவும் வாயை மூடிக்கொள்ளவும் கற்க வேண்டும் என்றார்கள் சக வீரர்கள். அணியில் அவருக்கு நண்பர் யாரும் இல்லை. ஜெருசலேமில் அணி மோசமாகத் தோற்ற ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், தன்னை இறக்காததால் சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடைக்கு மாறிவிட்டார்.

இதைப் படித்தவர்களில் பலர் பையனைத்தான் குறை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதினெட்டு வயதில், அதுவரை போன இடமெல்லாம் மாலை போட்டு வரவேற்கப்பட்டவனிடம், தொழில்முறை வீரனின் அடக்கத்தை எதிர்பார்ப்பதே தப்பு. அந்த அடக்கம் சொல்லிக்கொடுத்து வருவது. கல்லூரியில் அதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள்: உதவிப் பயிற்சியாளர் இருவர் மூவர், உடற்பயிற்சிக்குத் தனி ஆள், படிப்புக்கு ஒரு ஆள், கூடவே அறையில் தங்கும் அதே வயதுப் பையன்கள். பிந்தி வந்தால் ஓடவிடுவார்கள். மறுநாள் மறுபடி கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள். ஹைஃபாவில் பிந்தி வந்தவனுக்குக் கிடைத்தது பெஞ்ச் மட்டுமே. பெஞ்சிலிருந்து அவர் எதையும் கற்கவில்லை.

எனக்கு இங்கே யாரும் கற்றுத்தரவில்லை என்பது பையன் தரப்பின் பதில். கிளப் தரப்புக்கு அது சாக்குப்போக்காகப் பட்டது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கற்றுத்தருவது அந்தக் கிளப்பின் வேலையாகவே இல்லை. ஒப்பந்தம் அப்படிக் கேட்கவுமில்லை.

பத்து ஆட்டங்களில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி எட்டு நிமிடத்துக்கும் குறைவாக ஆடி, சுமார் 2 புள்ளி, 2 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். 2010 மார்ச்சில், சீசன் முடிய இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே, கிளப்பை விட்டு சான் டியாகோ திரும்பினார்.

இடையில்: 2010 கோடை

இந்தக் கட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு இதுதான் நிகழ்வின் திருப்பம். பணம் வாங்கி ஆடியாகிவிட்டதால் கல்லூரிக் கதவு மூடிவிட்டது. லூயிவிலுக்கு இனிப் போக முடியாது. டிராஃப்டுக்கு ஓராண்டுக்கு மேல் பாக்கி. கையிலிருந்தது பத்து ஆட்டங்களும் கெட்ட பெயரும்தான். இதே இடத்தில் நின்று ஆட்டத்தையே விட்டவர்கள் உண்டு.

இந்த முறை கிளப்பைத் தேடாமல் பயிற்சியாளரைத் தேடினார்கள். ஜப்பானின் பிஜே லீகில் ஆடிய டோக்கியோ அப்பாச்சி கிளப், அந்தச் சீசனுக்கு என்பிஏவில் நான்கு அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஒருவரை அழைத்து வந்திருந்தது. பையன் டோக்கியோவைத் தேர்ந்தெடுத்தது அவருக்காகத்தான். லீகின் தரம் இஸ்ரேலைவிடக் குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு படி கீழே இறங்கிய மாதிரி.

டோக்கியோ: 2010 இலையுதிர் காலம் முதல் 2011 மார்ச் வரை

வயதான அந்தப் பயிற்சியாளர் இவரைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார். அணிப் பயிற்சிக்கு வெளியே தனிப் பயிற்சி. கூடைக்கு முதுகு காட்டி நிற்கும்போது எந்தக் காலைச் சுழற்ற வேண்டும், பந்து வரும் முன்னமே இடுப்பால் எப்படி இடம் பிடிப்பது, ஸ்கிரீன் போட்டபின் (சக வீரரைத் தடுக்க வருபவரின் வழியை மறித்து நின்றபின்) எந்தப் பக்கம் உருள வேண்டும் என்ற அடிப்படைகள். 2009இல் வளர்ந்த ஆண்களோடு மோதினால் தானாக வரும் என்று நம்பப்பட்டவை இவைதான். மோதலில் அவை வராது. அமைதியான காலைவேளையில், யாரோ ஒருவர் நூறு முறை திருப்பித் திருப்பிச் செய்யச் சொன்னால்தான் வரும்.

அதே அணியில் 2004இல் பள்ளியிலிருந்து நேராக என்பிஏ போய், முழங்கால் காயத்தால் இடம் இழந்து, பிழைக்க வழி தேடி டோக்கியோ வந்த இன்னொரு சென்டரும் இருந்தார். என்பிஏவில் சியாட்டில் அணியில் அவருக்கும் இதே பயிற்சியாளர்தான். சீக்கிரம் போனவர்களின் கதை எப்படியெல்லாம் திரும்பும் என்று பையன் தினமும் பக்கத்திலேயே பார்த்தார்.

இங்கே ஆட்டத்துக்கு ஏறத்தாழ 10 புள்ளி, 6 ரீபவுண்ட். ஆடியதோ பாதி ஆட்டத்துக்கும் குறைவான நேரம்தான். பெரிய எண்கள் இல்லை என்றாலும், டிராஃப்டுக்கு ஆள் பார்க்க வந்த என்பிஏ அணிகளுக்கு மாதக்கணக்கில் மாறாமல் ஆடும் வீரர் கண்ணில் பட்டார். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் அந்தச் சீசனை நடுவில் நிறுத்தின. கிளப் மீதி ஆட்டங்களை ரத்து செய்தது. பிறகு கிளப்பே மூடப்பட்டது. டிராஃப்டுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மறுபடி ஆட்டம் இல்லாமல் ஊர் திரும்பினார்.

டிராஃப்டும் அதற்குப் பிறகும்

2011 ஜூன் 23 அன்று சார்லட் அணி அவரை 39ஆவது ஆளாக, அதாவது இரண்டாம் சுற்றில், எடுத்தது. அன்றிரவே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 20 லட்சம் டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. முதல் சுற்றில் தேர்வாகிறவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்கு அந்த உறுதி கிடையாது. அணி என்ன தருகிறதோ அதுதான். முதல் தேர்வாகலாம் என்று சொல்லப்பட்டவர் 39க்கு வந்ததன் விலை இதில் இருக்கிறது. ஹைஃபாவில் கிடைத்த 1,40,000 டாலரை வைத்து இந்தக் கணக்கு நேராகாது.

முதல் சீசன், 2011-12, அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தொழில் தகராறால் 66 ஆட்டங்களாகச் சுருங்கியது. 2001இல் பள்ளியிலிருந்து நேராக வந்து முதல் தேர்வான குவாமி பிரவுன் அப்போது வாரியர்ஸ் அணியில் சென்டர். ஜனவரியில் அவர் காயமடைந்தார். மார்ச்சில் அணி பிரவுன் உட்பட மூவரைக் கொடுத்து, காயத்தில் இருந்த சென்டர் ஆண்ட்ரூ போகட்டை வாங்கியது. உள்ளே ஆடப் பெரிய ஆட்கள் போதவில்லை. அந்த வெற்றிடத்தில் நம் வீரருக்கு 42 ஆட்டங்கள் கிடைத்தன. அதில் 23 ஆட்டங்களில் தொடக்கத்திலேயே இறங்கினார். ஏறத்தாழ 5 புள்ளி, 3 ரீபவுண்ட். தோற்றுக்கொண்டிருந்த அணி; ஆனாலும் உண்மையான வாய்ப்பு.

அடுத்த ஆண்டு போகட் திரும்பினார், அணி வெல்லத் தொடங்கியது, இவருக்கு நேரம் குறைந்தது. 2013 பிப்ரவரியில் அட்லாண்டாவுக்கு மாற்றினார்கள். 2013-14இல் நியூயார்க் நிக்ஸில் சில மாதம். மொத்தம் நூறு ஆட்டங்களுக்குச் சற்று மேல். அப்புறம் சீனா, ஆஸ்திரேலியா என்று வெளிநாட்டு லீகுகள்.

இதைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அப்படி எழுதமாட்டேன். பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பையன்களில் நூறு என்பிஏ ஆட்டம் ஆடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் சம்பாதித்தார், உலகம் பார்த்தார், தொழிலாக ஆடினார். அவருக்கு எட்டக்கூடியதாக இருந்த உயரம் எவ்வளவு, அதில் எவ்வளவு கை நழுவியது என்பதுதான் கேள்வி.

அதே ஊரில் இன்னொருவர்

ஒப்பிடுவதற்கு ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். காவாய் லெனர்ட். நம் வீரர் பிறந்த அதே ஆண்டு, அதே மாதம், எட்டு நாள் கழித்துப் பிறந்தவர். நம் வீரர் ஹைஃபாவிலும் டோக்கியோவிலும் கழித்த அதே இரண்டு சீசன்களை, அதாவது 2009-10, 2010-11, லெனர்ட் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கழித்தார். நம் வீரர் எந்த ஊரை விட்டுப் போனாரோ அந்த ஊரில். 2010-11இல் அந்த அணி 34 ஆட்டம் வென்று மூன்றே தோற்றது. லெனர்ட் அதே 2011 டிராஃப்டில் 15ஆவதாகப் போனார். மூன்று ஆண்டு கழித்து என்பிஏ இறுதிப் போட்டியின் சிறந்த வீரர்.

கல்லூரிக்குப் போனதால்தான் லெனர்ட் லெனர்டானார் என்று சொல்ல இது ஆதாரமாகாது. உடலும் மனமும் ஆடும் இடமும் வேறு. 2009இல் லெனர்டை யாரும் வருங்கால முதல் தேர்வு என்று பேசவில்லை என்பதும் உண்மை. நான் இங்கே கவனிப்பது ஒன்றுதான்: அந்த இரண்டு ஆண்டில் ஒருவர் எழுபது ஆட்டங்களில் பெரும்பாலான நேரம் ஆடினார், தவறு செய்தார், மறுநாள் திருத்தப்பட்டார். மற்றவருக்கு முதல் ஆண்டு மொத்தத்தில் கிடைத்தது எழுபத்தாறு நிமிடம் போல. பதினெட்டு வயதில் போன ஓர் ஆண்டைப் பிறகு எந்தச் சம்பளத்தாலும் ஈடுகட்ட முடியாது.

எது மாறியிருக்க வேண்டும்

கல்லூரியைத் தவிர்த்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. சம்பளம் தராமல் உழைப்பை வாங்கிய அமைப்பை ஒரு குடும்பம் நிராகரித்தது. அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. முதல் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் கல்லூரிக்கு வெளியேதான் கழிந்தன. முதல் ஆண்டு கெட்டது, இரண்டாம் ஆண்டு உருப்பட்டது. வித்தியாசம் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்ததா என்பதில்தான்.

ஆகவே 2009இல் கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவை: அந்தக் கிளப்பில் இவனுடைய இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் ஆடுகிறார்கள்? முந்தைய மூன்று சீசனில் இருபது வயதுக்குக் கீழே யாருக்காவது அந்தப் பயிற்சியாளர் ஆட்ட நேரம் கொடுத்திருக்கிறாரா? தனிப் பயிற்சி யார் தருவார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அது ஒப்பந்தத்தில் எழுதப்படுமா? பயிற்சியாளருக்கு இந்தப் பையன் வேண்டுமா, உரிமையாளருக்கு மட்டுமா? கடைசிக் கேள்விக்கான பதிலைப் பயிற்சியாளர் வாயிலிருந்தே கேட்டிருந்தால், குடும்பம் ஹைஃபாவைத் தேர்ந்தெடுத்திருக்காது என்றே தோன்றுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் போயிருக்கலாம் என்பதும் என் கருத்து. படிப்பைப் பற்றிய உபதேசமாக இதைச் சொல்லவில்லை. நாள்கணக்கில் அந்த ஓர் ஆண்டை விடுவதால் எந்த லாபமும் இல்லை. அந்த ஓர் ஆண்டில் உடம்பும் மனமும் கொஞ்சம் முதிர்ந்திருக்கும். கல்லூரி என்ற கதவும் திறந்தே இருந்திருக்கும். திரும்பி வர வழியுள்ள முடிவை, திரும்ப வழியில்லாத முடிவாக அவசரப்பட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ஆலோசகரின் இடமும் கவனிக்க வேண்டியது. என்சிஏஏவின் அநியாயத்துக்கு எதிராக அவர் பல ஆண்டு மனதாரப் போராடியவர். ஆனால் ஒரு கொள்கைக்காகப் போராடுகிறவருக்கு, தன் கொள்கையை நிரூபிக்கும் அடுத்த பையன் தேவைப்படுவான். அந்தப் பையனுக்கோ, தன்னை மட்டும் பார்க்கும் ஆள் தேவை. இந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்ய விடக்கூடாது.

இதற்குப் பிறகு வந்த வழிகள்

அடுத்த பத்தாண்டில் அமைப்புகள் இந்த ஓட்டையை மெதுவாக அடைத்தன. ஆஸ்திரேலிய லீக் 2018இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஸ்டார்ஸ் திட்டத்தில் இளைஞரின் சம்பளத்தை லீகே தருகிறது. கிளப்பின் வெளிநாட்டு வீரர் கணக்கில் அவர் சேரமாட்டார். அதனால் அவரை ஆடவிட்டுத் தோற்றாலும் பயிற்சியாளரின் கழுத்துக்குக் கத்தி வராது. ஹைஃபாவில் இல்லாமல் போனது சரியாக இதுதான். லாமெலோ பால் அந்த வழியில் இல்லவாரா ஹாக்ஸ் அணிக்கு ஆடி, 2020 டிராஃப்டில் மூன்றாவதாகப் போனார்.

2020இல் என்பிஏ தன் துணை லீகான ஜி லீகில் இக்னைட் என்ற அணியையே இளைஞர்களுக்காகத் தொடங்கியது. ஜேலன் கிரீன் அங்கிருந்து 2021இல் இரண்டாவது தேர்வானார். இந்தியாவின் பிரின்ஸ்பால் சிங்கும் முதல் சீசனில் அந்த அணியில் இருந்தார். 2021இல் அட்லாண்டாவில் வந்த ஓவர்டைம் எலைட், பதினாறு வயதினருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 1,00,000 டாலர் தந்து, பள்ளிப் பாடமும் நடத்தியது. தொழில்முறை ஆட்டம் கைகூடாவிட்டால் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னொரு 1,00,000 டாலர் என்றும் எழுதிக்கொடுத்தது. தாம்சன் இரட்டையர் அங்கிருந்து 2023இல் நான்காவதும் ஐந்தாவதுமாகத் தேர்வானார்கள்.

பிறகு கணக்கே மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகவே பங்கு தரலாம். கல்லூரியே சம்பளம் தரும்போது இக்னைட்டுக்கு ஆள் கிடைப்பது கடினமாயிற்று. 2023-24 சீசனோடு அது மூடப்பட்டது.

என்பிஏவின் 19 வயது விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயதில் பையனைத் தேடிவரும் ஏஜென்டுகளும் குறையவில்லை. அவர்கள் கொண்டுவரும் தாளில் தொகை மட்டும் கூடியிருக்கிறது. தனிப் பயிற்சியையும் ஆட்ட நேரத்தையும் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று குடும்பம்தான் முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுத மறுக்கிற கிளப்பில் பையனைச் சேர்க்க வேண்டாம்.